கூலர் லொறியில் யாழ்ப்பாணம்

ஜூலை 14, திங்கள் – பேலியகொடை

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எங்கள் நிறுவனம் அனுப்பும் குளிர்ச் சாமானில் திரும்பி வருவது மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது. ஐஸ்கிரீமுக்குள் பனித்துகள் கரகரக்கிறது, யோகட் மூடி உப்பியிருக்கிறது, உறையவைத்த கோழிப் பெட்டிகளின் அடி நனைந்து வருகிறது. அலுவலகத்தில் எல்லாரும் வீதியைத்தான் சொன்னார்கள். நானூறு கிலோமீற்றர், வடக்கு வெயில், வேறென்ன நடக்கும் என்று. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு திரையில் லொறிப் புள்ளி நகர்வதைப் பார்த்தால் இதற்கு விடை வராது என்று பட்டது. சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறிவிட்டேன்.

மாலை 6 மணிக்கு வெளிக்கிட வேண்டிய லொறி 8.40க்குத்தான் நகர்ந்தது. யோகட்டுக்காகக் காத்திருந்தோம். வந்ததைக் கருவி குத்திப் பார்த்தால் 9 பாகை. 4 பாகையில் வந்திருக்க வேண்டும். "உள்ளுக்கு ஏத்தினால் குளிர்ந்திடும் அண்ணை" என்றான் ஏற்றுகிற தம்பி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். லொறியின் கூலர் ஏற்கெனவே குளிர்ந்த சாமானை அதே குளிரில் வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. வெக்கையோடு ஏறியதைக் குளிர்விக்கும் வலு அதற்கு இல்லை. அந்தச் சாமான் தன் வெக்கையைப் பக்கத்துப் பெட்டிக்கும் கொடுத்துவிடும். யோகட்டை இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தோடு புறப்பட்டோம். அந்த இழுபறியின் வினை மறுநாள் வெளித்தது.

வெப்பநிலையைப் பதியும் சிறிய கருவிகளைக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றைப் பெட்டிகளின் நடுவில் செருகினேன். இன்னொன்றைக் கதவோரம், மேல்தட்டில் கட்டினேன். லொறிக்குள் முதலில் சூடாகும் இடம் அதுதான். குளிர்காற்று முன்பக்கத்தில் கிளம்பி, பெட்டிகளுக்கு மேலால் போய், கதவோரம் இறங்கி, அடியால் திரும்ப வேண்டும். கூரை முட்ட அடுக்கினால் காற்று பாதி வழியிலேயே திரும்பிவிடும். அன்று கூரை முட்டத்தான் அடுக்கியிருந்தது. ஒரு சாண் இடைவெளி விட மேல்வரிசையை இறக்கி மாற்றினோம்.

புத்தளத்தில் கோழிக் கொத்து, 900 ரூபா. கறி தனியாக ஒரு கிண்ணத்தில் வந்தது. அளவு இரண்டு பேருக்குப் போதும். வவுனியாவில் பால்தேத்தண்ணி 120 ரூபா, நேரம் விடியப்புறம் 3 மணி. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்பதுபோல நாங்களும் நின்றோம். சாரதி அண்ணை தேங்காய் அடித்தார், நான் கச்சான் வாங்கினேன். அங்கே வைத்துக் கைப்பேசியில் கருவிகளைப் பார்த்தேன். நடுப்பெட்டி பேலியகொடையில் மைனஸ் 18.6. முறிகண்டியில் மைனஸ் 18.4. கதவோரம் மைனஸ் 16.

முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியும் நடுப்பெட்டி கால் பாகைகூட ஏறவில்லை. அலுவலகம் குற்றம் சொன்ன வீதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

ஜூலை 15, செவ்வாய் – யாழ்ப்பாண நகரம்

ஆனையிறவைக் கடக்கும்போது விடிகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், சோளகக் காற்று லொறியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நேரத்துக்கு வெளிக்கிட்டிருந்தால் இருட்டோடு நகரத்துக்குள் போயிருப்போம். பள்ளிக்கூட நேரத்தில் போய் மாட்டினோம். வேம்படி மகளிர் கல்லூரியும் மத்திய கல்லூரியும் அருகருகே. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், தகப்பன்மாரின் மோட்டார்சைக்கிள், வான், ஓட்டோ என்று வீதி நிறைந்திருந்தது. யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஒரு பொலிஸ்காரர் பிள்ளைகளைக் கைபிடித்துக் கடக்கவிட்டார். எங்களுக்கு முக்கால் மணிநேரம் போனது.

முதல் இறக்கம் ஒரு ஹோட்டல். காலைச் சாப்பாட்டு வேலை மும்முரம், களஞ்சியப் பொறுப்பாளர் 9 மணிக்குத்தான் வருவாராம். விருந்தினர் தூங்குகிறார்கள், எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். கதை இங்கேதான் தொடங்குகிறது. இந்த அளவு லொறிகளில் கூலரின் கொம்பிரெசர் லொறி எஞ்சினிலேயே பெல்ட் போட்டு ஓடுவது. எஞ்சின் நின்றால் குளிரும் நின்றது. எஞ்சினை ஓடவிட்டு நின்றாலும், ஓட்டத்தில் கிடைக்கும் குளிர் கிடைக்காது. ஐம்பது நிமிடத்தில் கதவோரம் மைனஸ் 11.

பிறகு கதவைத் திறந்தால் ஹோட்டலின் பெட்டிகள் ஆக உள்ளே. சுப்பர்மார்க்கெட்டின் பெட்டிகள் முன்னால். பேலியகொடையில் பில் வந்த வரிசைக்கு ஏற்றியிருக்கிறார்கள், இறக்கும் வரிசைக்கு அல்ல. பாதி லொறியை வீதியில் இறக்கி, ஹோட்டலின் சாமானை எடுத்துக் கொடுத்து, திரும்ப ஏற்றினோம். அவ்வளவு நேரமும் கதவு விரியத் திறந்தபடி. கதவில் தொங்க வேண்டிய பிளாஸ்டிக் திரையைச் சுருட்டி நைலோன் கயிற்றால் மேலே கட்டியிருந்தது. ஏன் என்று உதவியாளர் தம்பியைக் கேட்டேன். பெட்டி தூக்கிக்கொண்டு போகும்போது முகத்தில் அடிக்குதாம். அவன் கன்னத்தில் அதன் கீறல் இருந்தது. திரையின் ஓரங்கள் வெடித்துக் கூராகிக் கிடந்தன. புதிதாக மாற்றிக் கொடுத்தால் அவன் ஏன் கட்டப்போகிறான்?

சுப்பர்மார்க்கெட்டில் வரிசை. எங்களுக்கு முன்னால் பிஸ்கற் லொறி, சோடா லொறி, சோப் லொறி. வந்த வரிசைக்கு இறக்குவதுதான் அங்கே முறை. பொறுப்பாளர் நல்ல மனிதர். வெயிலில் நிற்கிறோம் என்று தண்ணீர்ப் போத்தலும் பிளேன்ரீயும் அனுப்பினார். ஆனால் வரிசையை மாற்றவில்லை. சோப்பை வெயில் ஒன்றும் செய்யாது, ஐஸ்கிரீமைச் செய்யும் என்று சொன்னேன். அவர் சொன்னது என் வாயை அடைத்துவிட்டது:

"தம்பி, நீங்கள் எட்டுக்கும் வந்திருக்கிறியள், பதினொண்டுக்கும் வந்திருக்கிறியள், பின்னேரம் மூண்டுக்கும் வந்திருக்கிறியள். எந்த நேரத்துக்கு நான் உங்களுக்கு இடம் விட்டு வைக்கிறது?"

இரண்டு மணிநேரத்துக்குக் கிட்ட நின்றோம். கடைசிக் கடைக்குப் போகும்போது நடுப்பெட்டியே மைனஸ் 9. அங்கே இறங்கிய ஐஸ்கிரீமை அவர்கள் தங்கள் ஃபிறீசரில் திரும்ப இறுக்குவார்கள். இளகியது மெதுவாக இறுகும்போது சின்னப் பனித்துகள்கள் சேர்ந்து பெரிதாகும். நாக்கில் கரகரப்பது அதுதான். திரும்ப மைனஸ் 18க்குக் கொண்டுபோனாலும் பழைய வழுவழுப்பு வராது.

போன கடைகளில் எல்லாம் முதல் கேள்வி "யோகட் எங்க?" என்பதுதான். கொண்டுவராத யோகட்டுக்கு நாள் முழுக்கப் பேச்சு வாங்கினோம்.

பின்னேரம் 3 மணிக்கு மதியச் சாப்பாடு. சோறு, விளைமீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, கத்தரிக்காய், சொதி. 600 ரூபா. வாழையிலையில் சோறு குறையக் குறையக் கேட்காமலே போட்டார் பரிமாறிய அம்மா. சாரதி அண்ணை சாப்பிட்ட இடத்திலேயே கண் அயர்ந்தார்.

ஜூலை 16, புதன் – பாசையூர், திருநெல்வேலி

விடிய 6 மணிக்குப் பாசையூர்க் கரை. படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. நண்டு வாங்கி ஏற்றுமதிக்காரருக்குக் கொடுக்கும் ஓர் அக்காவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவவின் ரெஜிபோம் பெட்டியில் உடைத்த ஐஸ் ஒரு அடுக்கு, மேலே சாமான், பிறகு திரும்ப ஐஸ். மூலையில் ஆணியால் குத்திய துளை, உருகிய தண்ணீர் வழிந்துபோக. தண்ணீருக்குள் ஊறினால் உருசை போய்விடுமாம்.

எவ்வளவு மீனுக்கு எவ்வளவு ஐஸ் என்று கேட்டேன். "கிலோவுக்குக் கிலோ" என்றா. கணக்குப் போட்டால் 30 பாகையில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூச்சியத்துக்கு இறக்க முந்நூறு கிராம் அளவு ஐஸ் போதும். மிச்சம் எல்லாம் வழியில் வரும் வெக்கைக்கும் காத்திருப்புக்கும். "லொறி ஏழுக்கு வரும் எண்டால் இவ்வளவு ஐஸ் போடத் தேவையில்லை. எப்ப வருமோ எண்டுதான் போடுறன்" என்றா. மற்றவன் நேரம் தவறுவதற்கு இந்த அக்கா நாள்தோறும் ஐஸ்காசு கட்டுகிறா. இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. எங்கள் லொறி இவவிடம் வருவதில்லைதான். ஆனால் எங்கள் கடைக்காரர்களும் ஏதோ ஒரு வடிவில் இதே காசைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அது பின்னேரம் திருநெல்வேலியில் தெரிந்தது. சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை, நடத்துவது ஒரு அன்ரி. அவவின் ஃபிறீசர் பாதிக்கு மேல் வெறுமை. இரவில் வயரைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறா என்று எங்கள் விற்பனையாளர்கள் முறைப்பாடு எழுதியிருந்தார்கள். கேட்டதும் மறைக்காமல் சொன்னா:

"ஓம் பிள்ளை, கழற்றுறனான். கரண்ட் பில் வாற வரத்துக்கு ஆறு பெட்டி ஐஸ்கிரீமுக்காக விடிய விடிய ஓடவிடேலுமே? நிறையச் சாமான் இருந்தால் விடுவன். நிறைய எடுக்கவும் பயம். உங்கட லொறி செவ்வாய் எண்டால் புதன் வரும், வெள்ளி எண்டால் சனி வரும். சில கிழமை வராது."

பிறகு இன்னொன்று சொன்னா. இத்தனை காலமும் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம். "வெள்ளிக்கிழமை கோழி கொண்டுவாறியள். வெள்ளிக்கிழமை இஞ்ச ஆர் இறைச்சி வாங்குறது?"

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான சைவ வீடுகளில் வெள்ளி மரக்கறி. ஞாயிறு இறைச்சி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோழி படுத்துவிடும், ஐஸ்கிரீம் பறக்கும். கொழும்பில் லொறிக்கு எந்த நாள் வசதியோ அந்த நாளை அட்டவணையில் எழுதிவிட்டோம். வெள்ளி விடிய வரும் கோழி சனி பின்னேரம்வரை அரைவாசி வெறுமையான ஃபிறீசரில் கிடக்கிறது. ஃபிறீசர் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் சாமானே ஒன்றை ஒன்று காப்பாற்றும். வெறுமையாக இருந்தால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே போவது வெக்கைக்காற்றுத்தான்.

போகும்போது அன்ரி ஒரு கொத்துக் கதலி வாழைப்பழத்தைக் கையில் திணித்தா. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

ஜூலை 17, வியாழன் – குறிகட்டுவான், நெடுந்தீவு

ஆடிப்பிறப்பு. தங்கிய வீட்டில் காலையிலேயே ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். பனங்கட்டி, தேங்காய்ப்பால், பயறு, மிளகு. சிரட்டையில் வார்த்துத் தந்தார்கள். வெறும் வயிற்றில் சூடாக இறங்கியது. இரண்டாவது சிரட்டையையும் மறுக்கவில்லை.

நெடுந்தீவில் ஒரு கடைக்காரர் எங்கள் ஐஸ்கிரீமை நகரத்தில் வாங்கிப் படகில் கொண்டுபோகிறார். அவரிடமிருந்து ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. எப்படி என்று பார்க்கத்தான் போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் அவரைக் கண்டேன், அறுபது வயதைக் கடந்தவர். பெரிய ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம், சுற்றிவரத் தடித்த பொலித்தீன் பைகளில் உடைத்த ஐஸும் கல்லுப்பும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. உருகும் வெறும் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஐஸ்கிரீம் அதில் இளகிவிடும். உப்புச் சேர்ந்தால் மைனஸ் 21 வரைக்கும் இறங்கும். பெட்டி மூடியைச் சுற்றி ஒட்டிய நாடாவைக் கடைக்குப் போகும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்பது அவர் சட்டம்.

"தொண்ணூறுகளில கரண்ட் இல்லை ஐயா. அப்ப பழகினது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சோளகம் பெலத்துவிட்டதால் படகு ஒரு மணிநேரம் பிந்தியது. அலை அடித்து முன்வரிசை முழுக்க நனைந்தது, என் கைப்பேசியும். எனக்குப் பக்கத்தில் சுகாதாரப் பகுதியில் வேலை செய்யும் ஒரு சகோதரி, மடியில் தடுப்பூசிப் பெட்டி. உறைந்த ஐஸ் பக்கற்றை நேரே பெட்டிக்குள் வைக்கமாட்டார்களாம். வெளியே எடுத்து வைத்து, ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டபிறகுதான் வைக்க வேண்டும். சில தடுப்பூசிகள் சூட்டில் கெடுவதைவிடச் சீக்கிரம் உறைந்தே கெட்டுப்போகும். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் நடுவில் நிற்க வேண்டும். காதருகே கையை ஆட்டி அந்தச் சத்தத்தை எப்படிக் கேட்பது என்று காட்டினா.

படகு பிந்தும் என்று தெரிந்ததும் அவ செய்த முதல் வேலை, தீவு வைத்தியசாலைக்கு அழைத்துச் சொன்னது. இறங்கியதும் பெட்டியை வாங்க ஒருவர் துறையில் நின்றார். அன்று படகே ஓடாவிட்டால் எந்தக் குளிர்சாதனப்பெட்டியில் திரும்ப வைப்பது என்பதும் விடியவே பேசி முடிந்திருந்தது. கடலில் நேரத்தை யாரும் உறுதி சொல்ல முடியாது. பிந்தினால் என்ன செய்வது என்பதை முதலே பேசி வைக்கலாம், பிந்தும்போது சொல்லலாம். எங்கள் நிறுவனத்தில் லொறி பிந்தினால் கடைக்காரருக்கு அழைத்துச் சொல்வது யாருடைய வேலை? யாருடையதும் இல்லை.

முருகைக்கல் வேலிகள், பெருக்கு மரம், குதிரைகள் எல்லாம் பார்த்தேன். வெயிலில் தலை வெடித்தது. திரும்பும் படகிலும் நனைந்தேன். பின்னேரம் கொழும்புக்கு அழைத்து, வெள்ளி விடிய வர வேண்டிய லொறியைச் சனி விடியலுக்கு மாற்றச் சொன்னேன். வாக்குவாதம் நீண்டது. ஒரு தடவை செய்து பார்க்கச் சம்மதித்தார்கள்.

ஜூலை 18, வெள்ளி – நல்லூர்

ஆடி வெள்ளி, கோயிலடியில் சனம். மதியம் மரக்கறிச் சாப்பாடு, 450 ரூபா, வாழைப்பூ வறை அபாரம். மிச்ச நேரம் முழுக்கத் தொலைபேசிதான். ஒவ்வொரு கடையையும் அழைத்து எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், யார் பொறுப்பெடுப்பார், ஃபிறீசரில் எவ்வளவு இடம் என்று கேட்டு எழுதினேன். ஹோட்டல் சமையலறை 5 மணிக்கே திறக்குமாம். களஞ்சியக்காரர் இல்லாவிட்டால் தலைமைச் சமையற்காரர் கையெழுத்து வைப்பாராம். இத்தனை நாளும் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள். சுப்பர்மார்க்கெட்காரர், "ஏழரைக்கு நிற்பியள் எண்டால் சோப் லொறிக்கு முன்னம் எடுக்கிறன். எட்டாகினால் வரிசைதான்" என்றார்.

அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிப் பேலியகொடைக்கு அனுப்பினேன். கடைசிக் கடையின் பெட்டிகள் முதலில் ஏற வேண்டும். யோகட் 5 மணிக்குள் 4 பாகையில் வராவிட்டால் லொறி காத்திருக்காது. வராத யோகட்டைப் பற்றி அன்றிரவே கடைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கதவுத் திரை புதிதாக மாட்ட வேண்டும்.

இரவு நல்லூரில் ரியோவில் ஐஸ்கிரீம். இந்த ஊரிலேயே செய்து இந்த ஊரிலேயே விற்பது. வழுவழுப்பு என்றால் அதுதான்.

ஜூலை 19, சனி – நகரம்

லொறி 6.10க்கு வெளிக்கிட்டது என்று முதல்நாள் இரவே செய்தி வந்தது. முறிகண்டியில் தேங்காய் அடித்த பிறகு அண்ணை அழைத்தார், நான் கடைகளை அழைத்தேன். 4.50க்கு ஹோட்டல் வாசலில் நின்றோம். சமையற்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கதவு திறந்திருந்த நேரம் ஆறு நிமிடம். அவருடைய பெட்டிகள் கதவோரமே இருந்தன. தம்பி புதுத் திரைக்குள்ளால் குனிந்து போய் வந்தான், கயிற்றைத் தேடவில்லை.

சனிக்கிழமை, பள்ளிக்கூட நெரிசல் இல்லை. செவ்வாயில் அது இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. அதற்கு ஆறே முக்காலுக்குள் நகர நடுவைக் கடந்திருக்க வேண்டும். 7.25க்குச் சுப்பர்மார்க்கெட். பொறுப்பாளர் சொன்ன சொல் காத்தார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு பேக்கரியில் சொன்ன நேரத்துக்கு ஆள் இல்லை, இருபது நிமிடம் நின்றோம், இந்தத் தடவை எஞ்சினை நிறுத்தாமல் நிழலில். இன்னொரு கடையில் இடம் இருக்கிறது என்றார்கள், திறந்து பார்த்தால் ஃபிறீசர் நிறையச் சோடா. அவர்களுடைய பெட்டிகளைத் திரும்ப லொறியில் வைத்தோம். கடைசிக் கடையில் நடுப்பெட்டி மைனஸ் 16. செவ்வாயன்று மைனஸ் 9.

அந்தக் கடைசிக் கடை திருநெல்வேலி அன்ரியுடையது. ஞாயிற்றுக்குக் கோழி என்று வழக்கத்தைவிட மும்மடங்கு எடுத்தா. ஃபிறீசர் மூடி அழுத்தித்தான் மூடியது. இரவில் வயரைக் கழற்றுவீங்களா என்று கேட்டேன். "இவ்வளவு சாமானை வைச்சிட்டுக் கழற்றுவனே?" என்றா. பிறகு, "நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்தால்" என்று சேர்த்தா.

அவவுக்கு இனிச் செவ்வாயும் சனியும் காலை 9 மணி. செவ்வாயில் பள்ளிக்கூட நெரிசலையும் சேர்த்துத்தான் அந்த நேரத்தைக் கொடுத்தேன். பிந்துவதானால் 7 மணிக்குள் அழைப்பு வரும் என்று சொல்லி, யாழ்ப்பாணக் கடைகள் எல்லாவற்றுக்கும் அந்த அழைப்பு இனி என் வேலை என்று அட்டவணையில் என் பெயரையே எழுதியிருக்கிறேன். நல்லூர்க் கொடி ஏறுமுன் கோழியைக் குறைத்து ஐஸ்கிரீமைக் கூட்டும் பட்டியலை இன்றிரவு பஸ்ஸில் போட்டு முடிக்க வேண்டும்.